பேய்ப் படிக்கட்டில் ஒரு பரீட்சை

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலைநாட்டுக்கு ஏறும் பெருந்தெருவிலே, பெலிஹுல்ஓயாவைத் தாண்டி ஹல்துமுல்லையை அடையுமுன், களுபஹன என்றொரு சிறு சந்தி வருகிறது. பஸ் வண்டியில் கண்ணயர்ந்திருப்போர் அதனைக் காணமாட்டார்கள். விழித்திருப்போர் பம்பரகந்தை நீர்வீழ்ச்சிக்கு வழிகாட்டும் பலகையைக் கண்டு இறங்குவார்கள். 263 மீற்றர் உயரத்திலிருந்து வெள்ளை நூல்போல இழியும் அந்த அருவியே இலங்கையில் மிக உயர்ந்தது. அதனைக் கண்டு களித்து, படம் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடுவது வழக்கம்.

பாதையோ அருவியுடன் முடிந்துவிடுவதில்லை. பைன் மரக் காட்டையும் தேயிலை மலைகளையும் ஊடறுத்துக்கொண்டு, உடவேரியத் தோட்டத்தின் வழியாக, கடல்மட்டத்துக்கு 5,800 அடி உயரத்தில் இருக்கும் ஒஹிய புகையிரத நிலையம் வரை அது ஏறிச் செல்கிறது. இதன் கொடிய வளைவுகள் உள்ள பகுதிக்கு ஆங்கிலத்திலே 'டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ்' என்று பெயர். பேய்ப் படிக்கட்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பேயைக் கண்டவர் எவரையும் நாம் சந்திக்கவில்லை; படிக்கட்டை மட்டும் நன்றாகக் கண்டோம்.

2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு நாம் களுபஹனச் சந்தியிலே நின்றது அருவியைப் பார்ப்பதற்கன்று. அறுபது வயதை எட்டிக்கொண்டிருக்கும் லாண்ட் ரோவர் வண்டியொன்று, தன் பழைய இருதயத்தை எடுத்துவிட்டுப் புதியதொன்றைப் பொருத்திக்கொண்ட பின்னர், முதன்முதலாக இந்த மலையில் ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டே சென்றோம்.

வண்டியின் சொந்தக்காரர் எழுபத்துநான்கு வயதுப் பெரியவர். மலையின் மேற்புறத்திலுள்ள தோட்டப் பிரிவொன்றிலே பிறந்தவர். எல்லோரும் அவரை 'டிரைவரையா' என்றே அழைக்கிறார்கள். நாமும் அவ்வாறே அழைப்போம். அவருடைய தந்தையார் வெள்ளைக்காரத் துரையொருவரிடம் சாரதியாக இருந்தவர். 1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், துரைமார் ஓட்டிய வண்டிகள் பல கைமாறின. சில துருப்பிடித்து மண்ணாயின. தந்தை துடைத்துப் பேணிய வண்டியை மகன் தம் சேமிப்பையெல்லாம் கொடுத்து வாங்கினார். அன்று தொட்டு அந்த மலையின் அரிசி மூட்டையும், மண்ணெண்ணெய்யும், கலியாணப் பெண்ணும், காய்ச்சல்காரரும் அவ்வண்டியிலேயே ஏறி இறங்கினர்.

லாண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியிலே முதன்முதல் உலகுக்குக் காட்டப்பட்டது. யுத்தம் முடிந்த அக்காலத்தில் இங்கிலாந்திலே உருக்குக்குத் தட்டுப்பாடு. எனவே வண்டியின் உடலை அலுமினியக் கலவைத் தகட்டிற் செய்தார்கள். பற்றாக்குறையினாற் செய்த காரியம் எமது மலைநாட்டு மழைக்கு வரமாக வாய்த்தது. உடல் துருப்பிடிப்பதில்லை, அடியிலுள்ள உருக்குச் சட்டத்தை மாத்திரம் அவ்வப்போது ஒட்டுப்போட்டுக் காப்பாற்றினாற் போதும். இடையிலே இருக்கும் யந்திரந்தான் சிக்கல். 2,286 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அந்தப் பெற்றோல் யந்திரம் உறுதியானது, பொறுமையானது, ஆனால் பெருந்தீனிக்காரன். சமதரையிலேயே கலனுக்குப் பதினைந்து மைல்தான். இந்த மலையிலோ பத்தைத் தாண்டாது என்றார் டிரைவரையா.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது இந்த வண்டி எட்டு மாதம் கொட்டகையிலே கிடந்தது. அக்காலத்தில் ஓரிரவு, மேற்பிரிவு லயத்திலே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டது. கம்பளியைத் தூளியாகக் கட்டி, மூங்கிலிலே கோத்து, நால்வர் மாறி மாறித் தோள்கொடுத்து, மழையிலே நாலு மணிநேரம் நடந்து அவளைப் பெருந்தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தாயும் சேயும் பிழைத்தது தெய்வாதீனம். சுமந்தவர்களில் ஒருவர் டிரைவரையாவின் மகன்.

"அன்னைக்கி ராத்திரி அந்தப் புள்ள வலியில கத்திக்கிட்டுப் போவுது; என் வண்டி கொட்டாயில தூங்கிக்கிட்டு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் சற்றுநேரம் பேசாமலிருந்தார்.

அதே காலத்திலேதான் கொழும்பிலிருந்து ஒரு செல்வர் வந்தார். பழைய வண்டிகளைச் சேகரிப்பது அவருக்கு ஆசை. பெரியதொரு தொகையைச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை: வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, அதன் சொந்த யந்திரத்துடன் இருத்தல் வேண்டும். யந்திரத்தை மாற்றினால் அரைவிலைக்கும் வேண்டாமென்றார். மகன் விற்றுவிடுவோம் என்றார். அத்தொகையிலே பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு காணித் துண்டும் சிறு வீடும் வாங்கியிருக்கலாம். மகன் சொன்னதிலே பிழையில்லை. அவருக்குப் படிக்கும் பிள்ளைகள் இருவர். மூன்று மாதம் தந்தையும் மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இறுதியிலே டிரைவரையா வண்டியை ஒரு லொறியின் பின்னாற் கட்டி இழுத்துக்கொண்டு பண்டாரவளை கராஜுக்குப் போனார்.

"நெருக்கடிக் காலத்தில் டீசலும் கிடைக்கவில்லையே?" என்று நாம் கேட்டோம்.

"கெடைக்கலதாங்க. ஆனா லொறிக்காரங்க வச்சிருப்பாங்க, தோட்டத்துல பீப்பாயில கொஞ்சம் கெடக்கும். அஞ்சு லீட்டரைக் கடன் வாங்கினா இதுல ரெண்டு தரம் ஏறி எறங்கிடலாம். பெற்றோலை எவன் கடன் குடுப்பான்?"

அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

கராஜ்காரர் யாழ்ப்பாணத்தவர், பண்டாரவளைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். 1990ஆம் ஆண்டு முதல் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்லாத காலத்தில், பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் அவருடையவை. முதலிற் சில துளி பெற்றோலைக் காட்டி யந்திரத்தை முழிக்கச் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவதாம். புகை ஊரை மறைக்கும். ஆனால் கார் ஓடும். "அந்தப் பள்ளிக்கூடத்திலை படிச்சவனுக்கு உது பெரிய சோதினை இல்லை" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "சின்னச் சோதினையும் இல்லைத்தான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

எல்ப் லொறிகளிலே வரும் இசுசு டீசல் யந்திரம் அவர் தேர்ந்தது. 2,771 கனசென்ரிமீற்றர், உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். பெற்றோல் யந்திரம் எரிவாயுக் கலவையை ஏழெட்டு மடங்கு அமுக்கிப் பொறியினாற் கொளுத்துகிறது. டீசல் யந்திரமோ வெறுங்காற்றைப் பதினெட்டு மடங்கு அமுக்குகிறது. அவ்வமுக்கத்திலே காற்றுக்கு ஏறும் வெப்பமே, தெளிக்கப்படும் எண்ணெயைப் பற்றவைத்துவிடுகிறது. பொறி இல்லை, ஆகவே மூடுபனியில் நனைந்து பழுதாகும் மின்கருவிகளும் இல்லை. முன்பெல்லாம் மழைநாளில் பத்து வளைவுக்கு ஒருமுறை இறங்கி, சாரத்து நுனியால் டிஸ்ரிபியூட்டர் மூடியைத் துடைப்பாராம் டிரைவரையா.

யந்திரத்தை இறக்கி வைத்து நாலு ஆணி முறுக்கினாற் காரியம் முடிந்தது என்று நாம் எண்ணியிருந்தோம். எமது அறியாமையைக் கராஜ்காரர் பொறுமையோடு நீக்கினார். யப்பானிய யந்திரத்தின் முதுகும் ஆங்கிலேயக் கியர்பெட்டியின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தா. ஆணித் துளைகள் வேறு. தண்டுகளின் அளவும் வேறு. எனவே இடையிலே தடித்த உருக்குத் தகடொன்றை வைத்து, ஒரு பக்கம் யந்திரத்துக்கும் மறுபக்கம் பெட்டிக்குமாகத் துளையிடவேண்டும். கிளச் தட்டின் விளிம்பு யந்திரத்தின் பிளைவீலுக்கு ஏற்றதாயும், அதன் நடுக்குழல் பெட்டித் தண்டின் பற்களுக்கு ஏற்றதாயும் இருத்தல் வேண்டும். ஆகையால் இரண்டு தட்டுகளைப் பிரித்து ஒன்றாக்க வேண்டும். தண்டின் நுனி தங்குவதற்குப் பித்தளைப் புஷ் ஒன்றை லேத்திலே கடைந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும்.

"தச்சனுக்கு நூல் கணக்கு. ஒரு நூல் பிசகினாலும் கதவு பூட்டும். இஞ்சை மயிர்க்கணக்கு. மயிரளவு பிசகினால் வண்டி ஓடும், ஓடுறமாதிரி ஓடி, ஒரு மாதத்திலை கியர்பெட்டியின்ரை பேரிங்கைத் தின்றுபோடும். அதுவும் நடுமலையிலைதான் தின்னும்."

அந்தத் தகட்டை மட்டும் அவர் மூன்று தடவை செய்தார். முதலிரண்டும் கராஜின் மூலையிலே கிடந்தன. எமக்கு எடுத்துக் காட்டினார். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கியர்பெட்டியும் மாற்றப்பட்டது. பழைய பெட்டியிலே மூன்றாம், நாலாம் கியர்கள் மட்டுமே வழுக்கிச் சேரும். முதலாவதையும் இரண்டாவதையும் போடும்போது கிளச்சை இருமுறை மிதித்து, இடையிலே யந்திரத்தின் வேகத்தைக் கணித்துச் சேர்க்கவேண்டும். தவறினால் பற்கள் அலறும். 1971ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் வரிசை லாண்ட் ரோவரிலே நாலு கியர்களும் இலகுவாகச் சேரும்படி செய்தார்கள். உடைத்து விற்கப்பட்ட அத்தகைய வண்டியொன்றின் பெட்டியைத் தேடிப் பிடித்து, பிரித்துக் கழுவி, தேய்ந்தவற்றை மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். எல்ப் லொறியின் ஐந்து கியர்ப் பெட்டியையே போட்டிருந்தால் தெருவில் வேகம் கிடைத்திருக்குமே என்று கேட்டோம். லாண்ட் ரோவரில் கியர்பெட்டியும், நாலு சில்லுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் துணைப்பெட்டியும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். ஒன்றைக் கழற்றினால் மற்றதற்கு இருப்பிடமில்லை என்று விளக்கினார். இந்த மலைக்கு வேகம் எதற்கு என்றும் கேட்டார்.

இன்னும் பல சில்லறை வேலைகள். முன் அச்சு மேலெழும்போது யந்திரத்தின் எண்ணெய்த் தட்டிலே இடிக்காதபடி அதனை வெட்டி ஒட்டவேண்டியிருந்தது. டீசல் யந்திரம் குடித்து மிஞ்சிய எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். பெற்றோல் தொட்டியில் அதற்கு வழி கிடையாது, புதுக்குழாய் வைத்தார்கள். யந்திர இலக்கமும் எரிபொருள் வகையும் பதிவுப் பத்திரத்திலே மாற்றப்படவேண்டும். அதற்கான அலைச்சலைப் பற்றி டிரைவரையா வாய்திறக்கவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டார். பழைய யந்திரம் எங்கேயென்று வினவினோம். எண்ணெய் பூசி, தார்ச்சீலையிலே சுற்றி, கொட்டகை மூலையில் வைத்திருக்கிறாராம். அதை மட்டும் மகன் தம் கையாலேயே சுற்றி வைத்தாராம்.

களுபஹனையிலிருந்து நாம் ஐவர் புறப்பட்டோம். டிரைவரையா, கராஜ்காரர், நாம், எமது நண்பர். இவர்களுடன், தியத்தலாவை வைத்தியசாலையிலே கண் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, ஒற்றைக் கண்ணிலே கட்டுடன் லயத்துக்குத் திரும்பும் பாட்டியொருவர். பரீட்சை ஓட்டத்திலே நோயாளியை ஏற்றுவது சரியா என்று எமது நண்பர் தயங்கினார். பாட்டி அதற்குள் முன்னாசனத்தில் ஏறி அமர்ந்துவிட்டார். அது அவருடைய வழக்கமான இடமாம்.

பம்பரகந்தை வரை பாதையில் குறையில்லை. அருவிக்கு மேலேதான் மலை தன் சுபாவத்தைக் காட்டலாயிற்று. இடப்புறம் பாறைச்சுவர், வலப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த 'ஒன்றுமில்லை'யின் அடியிலே, நெடுந்தொலைவில், சமனலவெவ நீர்த்தேக்கம் வெள்ளித் தகடுபோல மின்னியது. டிரைவரையா வண்டியை நிறுத்தி, சிவப்புக் குமிழுள்ள கம்பியைப் பின்னுக்கு இழுத்தார். நாலு சில்லுகளும் சேர்ந்தன, கியர் தாழ்ந்தது. இந்நிலையில் முதற்கியரிலே யந்திரம் நாற்பது முறை சுற்றினால் சில்லு ஒருமுறை சுற்றும்.

அவர் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டார். வண்டி நிற்கவில்லை! கைத்தடியூன்றிய கிழவரின் நடையிலே, தட்டுத் தட்டென்று சீராக ஒலித்துக்கொண்டு, கற்களின்மேல் தானாகவே ஏறிற்று. சரிவு கூடும்போது பம்புக்குள்ளிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டிய எண்ணெயைத் தானே கூட்டிக்கொடுக்கிறது என்றார் கராஜ்காரர். பழைய யந்திரமாயின் மிதியை அழுத்தி உறுமி, கல்லைத் தாவி, சில்லுச் சுழன்று மண்ணை வாரியிறைத்திருக்கும். இதுவோ ஒவ்வொரு கல்லையும் தடவிப் பார்த்து ஏறுவதுபோல் இருந்தது. ஒரு கூரிய வளைவிலே ஒரே திருப்பில் வண்டி திரும்பாது. பின்னுக்கு வந்து மறுபடி திருப்பவேண்டும். அந்தப் பின்வரும் கணத்திலே நாம் குலதெய்வத்தை நினைத்தோம் என்பதை மறைப்பானேன்? டிரைவரையாவின் கால் மட்டும், அவசியமில்லாதபோதும், கிளச்சை இருமுறையே மிதித்துக்கொண்டிருந்தது.

மேல் வளைவொன்றில், மூடுபனி இறங்கும் நேரத்தில், யந்திரம் மூச்சுத் திணறிற்று, இருமுறை குலுங்கிற்று, நின்றுவிட்டது.

அப்போது உண்டான மௌனத்தை இன்னும் நாம் மறக்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தபடி டிரைவரையா அசையாதிருந்தார். நாமும் நண்பரும் குதித்துச் சில்லுகளுக்குக் கல் முட்டுக்கொடுத்தோம். "விக்கச் சொன்னானே பய" என்று அவர் தமக்குள் முணுமுணுத்தது எமக்குக் கேட்டது.

கராஜ்காரர் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றிக் கவிழ்த்தார். தேநீர்ச் சாயம்போலச் செந்துரு கொட்டிற்று. தொட்டியை இருமுறை கழுவியிருந்தார்கள். ஆயினும் ஐம்பது வருடத்துத் துரு, இந்தக் குலுக்கலிலே டீசலிற் கரைந்து இறங்கியிருக்கிறது. "என்ரை பிழைதான். தொட்டியைப் புதுசாப் போட்டிருக்கவேணும்" என்றார். வேறு வடிகட்டி கொண்டுவந்திருந்தார். ஆனால் டீசல் குழாய்க்குள்ளே காற்றுப் புகுந்தால் யந்திரம் கிளம்பாது. அதனை வெளியேற்றியாக வேண்டும். நண்பர் கைப்பம்பை அழுத்த, அவர் ஆணியைத் தளர்த்தினார். முதலில் நுரை வந்தது. பின்னர் நுரையும் எண்ணெயுமாய் வந்தது. கடைசியிற் கண்ணாடிபோலத் தெளிந்த எண்ணெய் வழிந்தது. இவ்வாறே ஒவ்வொரு குழாயாகச் செய்து முடிக்க முக்கால் மணிநேரம் சென்றது.

அவ்வேளையில் மேலே, பனிக்குள்ளிருந்து, ஒஹியவை நோக்கி வரும் புகையிரதத்தின் கூவல் கேட்டது. அந்தப் பாதையிலும் ஒருகாலத்தில் கரட் என்னும் பெரிய நீராவி யந்திரங்களே மூச்சிரைத்து ஏறின. 1954ஆம் ஆண்டு முதலாகக் கனடாவிலிருந்து டீசல் யந்திரங்கள் வந்து சேர்ந்தன. 'ஒன்ராறியோ' என்று அந்நாட்டு மாகாணத்தின் பெயரைக்கூட ஒன்றுக்கு வைத்தார்கள். அந்த மாற்றத்தை அன்று யாரார் பழித்தார்களோ! பாட்டி கட்டில்லாத கண்ணால் எம்மையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, பையிலிருந்த ரொட்டியைப் பிட்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்.

யந்திரம் மறுபடி கிளம்பியபோது எவரும் ஆரவாரிக்கவில்லை. டிரைவரையா மாத்திரம் தகட்டுக் கதவை வெளிப்புறமாக இருமுறை தட்டினார், மாட்டின் முதுகைத் தட்டுவதுபோல.

அதன்பின் மூன்று வளைவுகள்; பின்னர் தேயிலைச் சரிவு; அதற்கப்பால் லயத்தின் தகரக் கூரைகள். முன்பெல்லாம் வண்டியின் ரீங்காரம் கீழ்வளைவிலே கேட்கும்போதே பிள்ளைகள் ஓடிவந்து பாதையோரம் நிற்பார்களாம்; பாட்டி தேநீருக்கு அடுப்பு மூட்டிவிடுவாராம். அன்று ஒருவரும் வரவில்லை. முற்றத்திலே விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு அது கொழுந்து ஏற்றவரும் ஏதோ லொறியின் சத்தம்.

டிரைவரையாவின் முகம் வாடியதை நாம் கண்டோம். பாட்டி அவர் தோளை இடித்தார்.

"டிரைவரண்ணே, ஹோர்னை அடிங்க. அதயாவது பழசா வச்சிருக்கீங்களா?"

அவர் அழுத்தினார். தொண்டை கட்டிய வாத்துப் போன்ற அந்தப் பழைய குரல் மலையிலே பட்டு எதிரொலித்தது. லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. சிறுவர்கள் பந்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், இடுப்பிலே ஒன்றரை வயதுப் பெண்குழந்தையுடன் ஒரு தாய் வந்தாள். கம்பளித் தூளியிலே இறங்கிய அதே பெண் என்று கராஜ்காரர் எமக்கு மெதுவாகச் சொன்னார். குழந்தைக்குக் காய்ச்சல், நாளைக்குக் கீழே போகவேண்டும், வண்டி இறங்குமா என்று கேட்டாள்.

"ஆறு மணிக்குத் தயாரா நில்லு" என்றார் டிரைவரையா. பின்னர் கராஜ்காரரைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, அந்த வடிகட்டி இன்னொண்ணு இருக்குதா?" என்றார்.